வெட்டு இல்லாத நாட்கள்

மழை பெய்தால் எங்கள் பக்கத்தில் ரப்பர் வெட்டு கிடையாது. பட்டை நனைந்திருக்கும்போது கத்தி வைத்தால் பால் மரத்தில் கட்டிய சிரட்டைக்குள் விழாது. மரத்தைச் சுற்றி வழிந்து மண்ணில் போய்விடும். அதனால் மழை பிடித்துக்கொண்டால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அருமனை என்ற ஊருக்கு உள்ளே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போன முதல் ஆனி மாதத்திலேயே இதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டேன். மழையின் முதல் நாள் என் கணவர் தூங்குவார். மறுநாள் குடிப்பார். அதற்கும் மறுநாள் மழை விடாவிட்டால் என்னை அடிப்பார்.

கை, பெல்ட், செருப்பு. ஒரு முறை, உறைந்த ரப்பர் பாலை அழுத்தி ஷீட் அடிக்கிற மெஷினின் இரும்புக் கைப்பிடி. அது என் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. இரண்டு வாரம் நொண்டினேன். கேட்டவர்களிடம் ஈரக்கல்லில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வழுக்கி விழாதவர்கள் கிடையாது என்பதால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

நான் எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் இரண்டாவதாக வந்ததில்லை. எதையும் முதலாவதாகச் செய்துதான் எனக்குப் பழக்கம், அதனால் அடி வாங்குவதை மறைப்பதையும் நன்றாகவே செய்தேன். கல்யாண வீடுகளுக்கு நீளக்கை ஜாக்கெட். கன்னம் வீங்கினால் பல்வலி. மாமிக்கு, அவருடைய அம்மாவுக்கு, மட்டும் தெரியும். அதே வீட்டில்தானே இருந்தார்.

“ஆம்பிளைக்கு வெட்டில்லேன்னா கை சும்மா இருக்குமா?” என்பார் மாமி. “நீ அந்நேரம் அவனுக்க முன்னால போய் நிக்காத மக்கா. அடுக்களையில வேற சோலி இல்லியா?”

நான் நிற்காமல் இருக்கப் பழகினேன். சுவரோரமாக நடக்கப் பழகினேன். வெளியில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டால், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. நாலு நாளாக மழை விடவில்லை. மீன்கறியில் புளி கூடிப்போயிற்று என்றுதான் அன்றைக்குத் தொடங்கியது. அவர் என் முடியைப் பிடித்து அடுக்களைச் சுவரில் முகத்தை மோதினார். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி வாய்க்குள் போனது. பிள்ளை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளை ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். எறிந்தார் என்று எழுதுவது சரிதானா என்று பல முறை யோசித்திருக்கிறேன். வழியிலிருந்து விலக்கியதாக அவர் கோர்ட்டில் சொன்னார். பிள்ளையின் தோளில் ஒரு சத்தம் கேட்டது, அது எனக்கு நிச்சயம். அவள் வாயைத் திறந்தபடி அழ முடியாமல் கிடந்தாள்.

நான் பின்வாசல் வழியாக ஷீட் அடிக்கும் ஷெட்டுக்கு ஓடினேன். ரப்பர் பாலை உறைய வைக்க, ஆசிட்டைத் தண்ணீரில் கலக்கி ஒரு நீல மக்கில் வைப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் எத்தனையோ தடவை என் கையில் சிந்தியிருக்கிறது. எரியும், சிவக்கும், கழுவினால் போய்விடும். மக்கை எடுத்துவந்து அவர் முகத்தில் வீசினேன்.

அது கலக்கியது இல்லை. விரிசல் விட்ட கேனின் அடியில் மிச்சம் கிடந்த, தண்ணீர் சேர்க்காத பச்சை ஆசிட்டை அவர் அந்த மக்கில் ஊற்றி வைத்திருந்தார்.

அவர் அலறியது மனிதக் குரலாக இல்லை. முகத்தில் ஒரு பக்கத் தோல் வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கியது. முற்றத்து மழைத்தண்ணீரில் முகத்தைப் புதைத்து உருண்டார். மாமி என்னை அடிக்கவில்லை, தொடவும் இல்லை. பிள்ளையை மட்டும் என் கைக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துக்கொண்டார். என் கணவருக்கு ஒரு கண் போயிற்று, ஒரு காது போயிற்று.

வழக்கு நடந்த காலம் முழுவதும் நான் ஜாமீனில் திருவட்டாற்றில் அக்கா வீட்டில் பிள்ளையோடு இருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் மாவட்டத்துக்காரர். கூண்டில் என்னிடம் அவர் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்.

“நாலு நாளா மழை. வெட்டு இல்ல. பாலே இல்லாத வீட்டில என்னத்துக்கு ஆசிட் கலக்கி வெப்பாங்க?”

வெளியூர் வக்கீலுக்கு இது தோன்றியிருக்காது. ரப்பர் உள்ள வீட்டுச் சின்னப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். கலக்கிய ஆசிட்டை அன்றன்றைக்குத் தீர்த்துவிடுவார்கள். மழைநாளில் மக்கில் எது இருந்தாலும் அது கலக்கியதாக இருக்காது. நான் ரப்பர் தோட்டத்துக்குள் பிறந்தவள், போதாததற்கு வேதியியல் படித்தவள்.

“அந்நேரம் யோசிக்கலை” என்றேன். அவர் நீதிபதியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தெரிந்திருந்ததா? சில நாள் தெரியாது என்று திடமாக இருப்பேன். சில நாள் மூக்கில் ஏறிய காரம் நினைவுக்கு வரும். கலக்கிய தண்ணீருக்கு அவ்வளவு காரம் கிடையாது. அந்த மக்கைத் தூக்கியவள் அதை முகர்ந்தாளா என்று அவளிடமே கேட்டால்கூடத் தெரியாது. பத்து வருடம் தண்டனை கொடுத்தார்கள். கூடுதல் என்றோ குறைவு என்றோ எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஆறு வயது ஆகும்வரை பிள்ளையைத் தாயோடு சிறையில் வைத்துக்கொள்ளலாம். மகளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. “எனக்க கையில விட்டுட்டுப் போட்டீ, அதுக்கு அங்க என்ன இருக்கு?” என்று அக்கா அழுதாள். நான் கேட்கவில்லை. விட்டுப்போனால் கணவர் வீட்டு ஆட்கள் வந்து தூக்கிப்போவார்கள் என்று பயந்தேன். என்னால் அவள் இல்லாமல் தூங்க முடியாது என்பதும் உண்மை. இரண்டில் எது பெரிய காரணம் என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

சிறை எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். மழை அபூர்வம். வந்த புதிதில் காலையில் வெயிலைக் கண்டால் எனக்கு உடம்பு தளரும், இன்றைக்கு அடி இல்லை என்று. அது பொய் என்று சீக்கிரமே தெரிந்தது. தண்ணீர்க் குழாயடியில் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடாத நாள் இல்லை. ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்துத் துண்டாக்கியதைப் பார்த்தேன். அந்தத் துண்டைப் பூனை தின்னும் முன்னால் எடுக்க வேண்டும் என்று சிலர் ஓடினார்கள், சிலர் சிரித்தார்கள்.

படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றார்கள். என் வழக்கு தெரிந்தபின் ஆசிட் டீச்சர். என்னை சமையல்கட்டில் போட்டார்கள். “ஆசிட்டு டீச்சரு, குழம்புல என்னத்தம்மா ஊத்துன? எரியுதே!” என்று தட்டை நீட்டிக்கொண்டு கேட்பார்கள். நானும் சிரிக்கப் பழகினேன்.

மகள் அந்த இடத்துப் பேச்சைக் கற்றாள். சாயங்காலம் பெண்களை வரிசையாக உட்காரவைத்து வார்டர்கள் எண்ணுவார்கள். அவள் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு குரோட்டன்ஸ் செடிகளை எண்ணி, வரிசையில் வளைந்து நின்ற செடியை அடிஅடியென்று அடிப்பாள். ஒரு நாள் என்னைப் பார்த்து எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னாள். நான் முதுகில் ஓங்கி அறைந்தேன். அவள் அழவில்லை. சுவரோரமாக நகர்ந்து போனாள். அந்த நடையை எனக்குத் தெரியும். என்னுடைய நடை அது.

அன்றைக்குப் பிறகு அடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். பிறகும் இரண்டு மூன்று முறை அடித்தேன்.

அவளுக்கு ஆறு வயது நெருங்கும்போது அக்கா பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

“அவ்வோ பிள்ளையக் கேட்டு மனு போட்டிருக்காவ. அப்பன் வீட்டுக்குத்தான் உரிமைன்னு சொல்லுதாவ. நானும் கேட்டிருக்கேன். உனக்க மேல இங்க ஏதாவது கேசு, அடிதடின்னு எழுதிட்டாங்கன்னா போச்சு கேட்டியா? கொலைகாரிக்க குடும்பத்துல பிள்ளைய விடவான்னு பேசுவாவ.”

“கொலை செய்யலியேக்கா.”

“ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ வாயப் பொத்திட்டு இரி. கையையும்.”

இந்த இரண்டையும் பொத்திக்கொண்டுதான் நான் அந்த வீட்டில் வாழ்ந்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. அந்த மனு ஜெயித்தால், அதே சுவரோரத்தில், மழைநாளை எண்ணிக்கொண்டு, ஒற்றைக்கண் அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் என் மகள் வளர வேண்டியிருக்கும்.

பிறகு அந்தக் கஞ்சிச் சம்பவம் நடந்தது.

சிறையில் எங்கள் பகுதியில் ஒரு பெண் இருந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி, நல்ல உயரம், கொழுந்தனை அரிவாளால் வெட்டியவள். குழாயில் தண்ணீர் நின்றுபோன நாள். அவள் பிடித்துவைத்திருந்த வாளியை என் மகள் ஓடும்போது தட்டிவிட்டாள். தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போனது. நான் அப்போது வடித்த கஞ்சியை அலுமினியக் குண்டானில் துணிபிடித்து வெளியே தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் செருப்பைக் கழற்றி என் மகளின் கன்னத்தில் அடிப்பதை நேராகப் பார்த்தேன். பிள்ளை சுழன்று விழுந்தாள். அவள் மறுபடியும் ஓங்கினாள்.

“ஏய்!” என்றேன்.

அவள் திரும்பினாள். என் கையிலிருந்த குண்டானைப் பார்த்தாள். ஆவி பறந்தது.

“என்னா, ஊத்துவியா? ஊத்துடி! ஒனக்குத்தான் கைவந்த கலையாச்சே!”

முற்றம் முழுக்கப் பெண்கள். ஒருத்தி “ஊத்து டீச்சரு!” என்றாள். இன்னொருத்தி கை தட்டினாள். சீக்கிரமே பத்துப்பதினைந்து பேர் சேர்ந்து தாளம் போட்டார்கள், ஊத்து, ஊத்து என்று. அவள் என்னைவிட்டு இரண்டடி தூரத்தில் நின்றாள். தரையிலிருந்து எழுந்த என் மகளும் கத்தினாள். “ஊத்தும்மா!”

இப்போது எனக்குத் தெரியும். குண்டானில் என்ன இருக்கிறது, எவ்வளவு சூடு, தோல் என்ன ஆகும், எல்லாம் தெரியும். கோர்ட்டில் அந்த வக்கீல் கேட்டதற்கு இந்த முறை என்னிடம் விடை இருந்தது. ஊற்ற வேண்டும் என்று கை துடித்ததையும் மறைக்கப் போவதில்லை. அவள் முகம் வெளுத்துச் சுருங்குவதை ஆசையோடு முன்கூட்டியே பார்த்துவிட்டேன். குண்டான் சாய்ந்தது. நான் பின்னால் இழுத்தேன். கனமும் சூடும் தாங்காமல் அது என் காலிலேயே கவிழ்ந்தது.

கணுக்கால் வரை தோல் அப்படியே உரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஏமாந்தவள்போல ஒரு கணம் நின்றாள். பிறகு வந்து என் வாயில் குத்தினாள். இரண்டு பற்கள் விழுந்தன. இரண்டாவது குத்துக்கு வார்டர்கள் வந்துவிட்டார்கள்.

சிறை ஆஸ்பத்திரியில் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மகள் என்னை வெறுப்போடு பார்த்தாள். கன்னத்தில் செருப்பின் வரி தெரிந்தது.

“ஏன் ஊத்தல?”

“ஊத்தினா அவளுக்கு வெந்துபோகும் மக்கா.”

“ஒனக்குந்தான வெந்துச்சு. நீ பயந்தாங்கொள்ளி.”

அவள் சொன்னது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஊற்றாதது நல்லது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார், சூப்பிரண்டென்ட் அம்மா சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாய் நிறைய ரத்தத்தோடு பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, அந்த வீட்டிலும் அப்படித்தானே இருந்தேன்? அங்கே அதற்கு அடக்கம் என்று பேர், இங்கே நன்னடத்தையா? ஒன்றும் மாறவில்லை, அடிக்கிற ஆள்தான் மாறியிருக்கிறது என்று தோன்றும். கட்டு மாற்றும்போது, உரிந்த தோலோடு துணி வரும்போதுகூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்தேன். “கத்தும்மா, கத்தினாத்தான் எனக்குத் தெரியும் எங்க ஒட்டியிருக்குன்னு” என்று நர்ஸ் எரிச்சலோடு சொன்னார். எனக்குக் கத்த வரவில்லை.

குழந்தைகள் நலனைப் பார்க்க வந்த இரண்டு பெண் அதிகாரிகள் அறைக்குள் மகளிடம் தனியாகப் பேசினார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

“அம்மாவுக்குக் கோபம் வந்தா என்ன செய்வாங்க பாப்பா?”

“அவ கால்லயே கஞ்சிய ஊத்திக்கிடுவா.”

யாரோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“உன்னை அடிப்பாங்களா?”

“முதுகுல அடிப்பா. செருப்பால இல்ல.” யோசித்துவிட்டுச் சொன்னாள். “இப்பல்லாம் அடிக்கல.”

பிறகு என்னை அழைத்தார்கள். கணவர் அடித்ததாகச் சொல்கிறீர்களே, போலீசில் புகார் உண்டா? இல்லை. உங்கள் காயத்தை ஆஸ்பத்திரியில் காட்டியது உண்டா? இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றேன். அதைச் சொல்லும்போதே, நான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக என் மகளை அந்த வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. ஒரு சாட்சி இல்லாமல் துடைத்து வைத்திருந்தேன்.

“அப்ப நாங்க எதை வெச்சு நம்பறது?” என்று கேட்டார் மூத்தவர். கடுமையாகக் கேட்கவில்லை.

நான் சேலையை இடது முழங்கால்வரை தூக்கினேன். கீழே புதுச் சூட்டுக்காயம். மேலே எலும்பில் ஒரு பள்ளம், விரல் வைக்கலாம். இது ஷீட் மெஷின் கைப்பிடி என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பெல்ட், பல்வலி, நீளக்கை ஜாக்கெட், மழை, மூன்றாம் நாள், பிள்ளையின் தோளில் கேட்ட சத்தம். வரிசை தப்பித்தப்பி வந்தது. நான் அவர் முகத்தில் வீசியதையும் சொன்னேன், காரம் மூக்கில் ஏறியதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுவதும் மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த முறை வந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதிகாரிகள் அவள் வீட்டுக்கும் போயிருக்கிறார்கள்.

“நான் சொல்லிட்டேன். எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன்.”

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“சித்திர மாசக் கல்யாணத்துல எவளாவது முழுக்கை ஜாக்கெட்டு போடுவாளா? கூட்டத்துல உனக்க கையப் பிடிச்சப்ப நீ துள்ளின பாரு, அன்னைக்கே தெரியும். நீ மறைக்கிய, சரி, நாமளும் கண்டுக்கப்பிடாதுன்னு இருந்துட்டேன்.” வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். “நல்ல தங்கச்சி, நல்ல அக்கா. செருப்பால அடிக்கணும் ரெண்டு பேரையும்.”

பிள்ளை அக்காவோடு போகலாம் என்று உத்தரவு வந்தது. ரப்பர் இல்லாத வீடு அது. மழை பெய்தால் அக்கா வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு தன் மளிகைக் கடைக்குப் போவார்.

கூட்டிப்போக வந்த அன்று மகள் என்னோடு வாசல்வரை ஒழுங்காக நடந்து வந்தாள். அக்கா கை நீட்டியதும்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. நான் வரவில்லை என்று அவளிடம் பல முறை சொல்லியிருந்தேன். அவள் நம்பவில்லை போலிருக்கிறது. திரும்பி என் இடுப்பில் தலையால் முட்டினாள். நான் குனிந்ததும் முகத்தில் குத்தினாள். சின்னக் கைதான். இன்னும் ஆறாத ஈறில் பட்டது. மறுபடியும் அதே இடம். முன்பு ஒரு நாள் என்னைச் சொன்ன அந்த வார்த்தையைக் கத்தினாள். வாயில் ரத்தம் சுவைத்தது. வார்டர் இழுத்துப் பிரிக்க வந்தார். “விடுங்கம்மா, பிள்ளைதானே, அடிச்சிட்டுப் போகட்டும்” என்று சொல்ல வாய் வந்துவிட்டது எனக்கு. எவ்வளவு எளிதாக வருகிறது அது.

நான் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். இறுக்காமல், ஆனால் விடாமல். அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

“அடிக்கப்பிடாது. எனக்கு வலிக்குது.”

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். வார்டர் நின்றார், அக்கா அழுகையை நிறுத்தினாள். அடிக்கிற ஒரு ஆளின் கண்ணைப் பார்த்து என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் முறை. மகளும் அதைக் கேட்டதே இல்லை. அவள் கைகள் என் பிடிக்குள் தளர்ந்தன.

“எங்க?” என்றாள்.

நான் வாயைத் திறந்து காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள், பற்கள் இல்லாத இடத்தை, ரத்தத்தை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எனக்கும் வலிக்குது” என்றாள்.

“எங்க மக்கா?”

அவளுக்கு இடம் தெரியவில்லை. கையைக் கழுத்தில் வைத்தாள், நெஞ்சில் வைத்தாள், பிறகு வயிற்றில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் வாய்விட்டு அழுது நான் வெகுகாலமாகப் பார்த்திருக்கவில்லை. நானும் சத்தம் போட்டு அழுதேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வார்டர் வேறு பக்கம் பார்த்தார்.